இரண்டு விரல் மடக்கிய கும்மி

எங்கள் வாத்தியாரம்மாவால் முடியாத காரியம் என்று எதுவும் கிடையாது. செய்யக்கூடாத காரியங்கள்தான் உண்டு. அவை வருஷத்துக்கு வருஷம் கூடிக்கொண்டே போயின.

கையைத் தலைக்கு மேலே தூக்கிக் கும்மி கொட்டக்கூடாது. பல் தெரியச் சிரித்துக்கொண்டு ஆடக்கூடாது. மின்னி மின்னி எரியும் சீரியல் லைட்டு போட்ட ஊரில் சலங்கை கட்டக்கூடாது. ராத்திரி ஒன்பதுக்கு மேல் பாட்டை இழுக்கக்கூடாது. "ஒம்பதுக்கு மேல வள்ளியே ஊட்டுக்குப் போயிருவாளுங்க, நமக்கென்ன வேலை அங்க?" என்பார். எதற்கும் ஒரு காரணம் கைவசம் வைத்திருப்பார். அந்தக் காரணம் கடைசியில் முருகனிடமோ வள்ளியிடமோ போய் நிற்கும். யாரும் எதிர்த்துப் பேச முடியாத இடமாகப் பார்த்துத்தான் கொண்டுபோய் நிறுத்துவார்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. இப்போது பெருந்துறைப் பக்கம் குடிபோய்விட்டார். பெயரைப் போட்டால் யாராவது அங்கே கொண்டுபோய்க் காட்டுவார்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். நான் எழுதிய மாதமும் கிழமையும் தப்பு என்று போனில் கூப்பிட்டுச் சொல்வார். அது கோபத்தைவிட எனக்குக் கஷ்டம்.

அவரிடம் நான் போனதே மாதம், கிழமை கேட்கத்தான். கல்லூரி நூலகத்தில் வேலை. மற்ற நேரத்தில் எங்கள் சுற்றுவட்டாரத்தில் எது எப்போது தொடங்கியது என்று விசாரித்து எழுதி வைப்பது பழக்கம். பெரியநாயக்கன்பாளையம் பக்கத்தில் வள்ளிக்கும்மி திரும்பவும் தழைக்க ஆரம்பித்தது எந்த வருஷம், முதல் அரங்கேற்றம் எந்தக் கோயிலில் என்று கேட்டேன்.

"கேக்கறவிய ஆடணுங்க. ஆடாதவிகளுக்கு நான் சொல்றதில்ல" என்றார்.

சேர்ந்துவிட்டேன். அது விதியா, ஆள் சேர்க்கிற தந்திரமா என்று பிறகு கேட்டபோது, "ரெண்டுக்கும் என்னங்க வித்தியாசம்?" என்றார்.

வீட்டுக்குப் பின்னால் அவருடைய கணவரின் லேத் பட்டறை. பட்டறைக்கும் தென்னை மரங்களுக்கும் நடுவில் ஒரு காலி இடம். சாயங்காலம் லேத் நின்றதும் அங்கே கும்மி தொடங்கும். மோட்டார் பம்ப் கம்பெனிக்குப் போகிறவர்கள், மில் ஷிஃப்ட் முடித்து வருகிறவர்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், நான். இரும்புத் தூள் ஒட்டிய பாதங்களோடுதான் எல்லோரும் வீடு திரும்புவோம்.

வள்ளிக்கும்மி தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிட வேண்டும். இதற்குப் புத்தகம் கிடையாது. வள்ளிக்கும் முருகனுக்கும் கல்யாணமாகும் கதையை வாத்தியார் பாடிக்கொண்டே முன்னால் ஆடுவார். பின்னால் நூறு பேர் இருந்தாலும் அவரைப் பார்த்து அப்படியே செய்ய வேண்டும். அவர் குனிந்தால் குனி, திரும்பினால் திரும்பு. ஏன் என்று கேட்கும் இடைவெளியைப் பாட்டு தராது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மேலே வரப்போவது எதுவும் விசித்திரமாகத் தெரியாது.

எங்கள் அணியின் முதல் அரங்கேற்றம் முடிந்த பிறகு ஒரு மத்தியானம் அவர் வீட்டுக்குப் போனேன். அது நடந்தது தை கடைசி நாளா, மாசி முதல் நாளா என்று என் குறிப்பில் குழப்பம். வாசலில் நின்றே, "வாத்தியாரம்மா, நம்ம மொத அரங்கேத்தம் தைதானே?" என்று குரல் கொடுத்துக்கொண்டு உள்ளே நுழைந்தேன்.

அவர் கிரைண்டர் பக்கத்தில் ஒருக்களித்துக் கிடந்தார். கை வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் அவர் கணவர் சம்மணமிட்டு உட்கார்ந்து, மனைவியின் தலைக்குக் கீழே மடித்த துண்டை வைத்துப் பிடித்திருந்தார்.

"வாங்க, உக்காருங்க" என்றார், காப்பி குடிக்கக் கூப்பிடுகிற குரலில். "இப்ப நின்னுரும்."

நின்றது. வாத்தியாரம்மா கொஞ்ச நேரம் எங்களை யாரோ போலப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து உட்கார்ந்து, முகம் கழுவி, தண்ணீர் குடித்து, தலைமுடியைக் கட்டிக்கொண்டார்.

"தை இல்லீங்க" என்றார். "மாசி."

அவ்வளவுதான். அதைப் பற்றி வேறு பேச்சில்லை. நான் கிளம்பும்போது கணவர் வாசல்வரை வந்தார். "சின்ன வயசுலயிருந்து இருக்குதுங்க. மாத்தரையில கட்டுப்பட்டுத்தான் இருந்துச்சு. இப்ப திரும்ப வருது. டாக்டரு இன்னொரு மாத்தரை சேத்திக் குடுத்திருக்காரு. ஆருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க" என்றார். அவருக்கே கல்யாணமான பிறகுதான் தெரியுமாம். அவரும் யாரிடமும் சொன்னதில்லை.

சேர்த்துக் கொடுத்த மாத்திரை கெட்டிக்கார மாத்திரை. வலிப்பு ஒரேயடியாக நின்றுபோயிற்று. வாத்தியாரம்மா இரண்டாவது அணியைத் தொடங்கினார், மூன்றாவது அணியைத் தொடங்கினார். புதுப் புது விதிகளையும் தொடங்கினார்.

விரல் விஷயம் எந்த மாதம் ஆரம்பித்தது என்று என்னால் துல்லியமாகச் சொல்ல முடியவில்லை. அது எனக்கு இன்றும் உறுத்தல்தான். ஒரு நாள் பார்க்கும்போது அவருடைய வலது சுண்டுவிரல் கொஞ்சம் உள்ளே மடங்கியிருந்தது. பிறகு மோதிர விரலும். உள்ளங்கையில் தோலுக்கு அடியில் ஒரு கயிறு முறுக்கி வைத்த மாதிரி தடித்திருந்தது. அந்தக் கையால் கும்மி கொட்டினால் சத்தம் "பட்" என்று வராது. குடத்தைத் தட்டின மாதிரி "டொப்" என்று வரும்.

முன்வரிசையில் கவிதா என்று ஒரு பெண். பம்ப் கம்பெனியில் வைண்டிங் பிரிவில் வேலை. வாத்தியாரம்மா மூக்கைச் சொறிந்தாலும் தானும் சொறிகிறவள். அவள்தான் முதலில் இரண்டு விரலை மடக்கினாள். அடுத்த வாரம் அவள் வரிசை முழுக்க மடக்கியது. கார்த்திகைக்குள் மொத்த அணியும் "டொப், டொப்" என்று கொட்டிக்கொண்டிருந்தது.

வாத்தியாரம்மா திரும்பிப் பார்த்தார். மறுப்பார் என்று நினைத்தேன்.

"ஆமாங்க, அப்படித்தான்" என்றார் அமைதியாக. "சுண்டு விரலும் மோதர விரலும் வள்ளியும் தெய்வானையும். அவிய ரெண்டு பேரையும் வெளிய உட்டா சண்டை வரும். உள்ளாற மடக்கி வெச்சுக்கோணும்."

அறுபது பேரும் தலையாட்டினார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் பல் தெரியச் சிரிக்கக்கூடாது என்பது முந்தைய விதி. அதுவும் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். பல வருஷம் சாப்பிட்ட பழைய மாத்திரையால் அவருடைய ஈறு வளர்ந்து பற்களின் மேல் பாதியை மூடியிருந்தது. சிரிக்கும்போது சேலைத் தலைப்பு தானாக வாய்க்குப் போய்விடும்.

அடுத்து தோள். வலது கை தோளுக்கு மேலே எழும்ப மறுத்தது. தலை வார இடது கை, ரவிக்கை போடக் கணவரின் உதவி. கும்மியில் கை தோள் உயரத்தோடு நின்றுவிட்டது. "தலைக்கு மேல கையத் தூக்கறது சாமி முன்னாடி மருவாதி இல்லீங்க." அணியின் கை தோள் உயரத்தோடு நின்றது. பிறகு உள்ளங்காலில் ஒரு கட்டி. அழுந்தினால் வலி. பாதத்தின் வெளி ஓரத்தை ஊன்றித் திரும்பினார். அணியும் வெளி ஓரத்தை ஊன்றித் திரும்பியது. எனக்கு இரண்டு கணுக்காலும் வீங்கிப்போயிற்று.

தோளுக்கு வைத்தியம் பார்க்காமல் இல்லை. எண்ணெய் போட்டு நீவுகிறவரிடம் போனார். எலும்பு டாக்டரிடம் போனார். சர்க்கரையாக இருக்கும் என்று பரிசோதித்தார்கள், சர்க்கரை இல்லை. பிசியோதெரப்பியில் சுவரைப் பார்த்து நின்று விரல்களை எறும்பு மாதிரி மேலே மேலே ஏற்றச் சொன்னார்கள். அதை அவர் பட்டறைச் சுவரில் செய்துகொண்டிருந்தபோது மாணவிகள் வந்துவிட்டார்கள். அன்றிலிருந்து எங்கள் பயிற்சி, பட்டறைச் சுவரில் எல்லோரும் வரிசையாக விரல் ஏற்றுவதோடுதான் தொடங்கியது. சுவரில் சுண்ணாம்பு முழுக்க விரல் தடம். அந்த வருஷம் அவர் கணவர் சுவருக்குப் பச்சை பெயிண்ட் அடித்தார்.

வெளியூர் அணிகள் எங்களைக் கவனிக்க ஆரம்பித்தன. அன்னூர்ப் பக்கமிருந்து வந்த ஒரு வாத்தியார், மீசையை நீவிக்கொண்டு கேட்டார்: "ஏனுங்க, இது எந்தக் காலத்து அடவுங்க? எங்க தாத்தா காலத்துலகூட இப்படிப் பாத்ததில்லையே?"

"உங்க தாத்தனுக்கும் மிந்திங்க" என்றார் வாத்தியாரம்மா.

உள்ளுக்குள்ளே அவர் பயந்துகொண்டுதான் இருந்தார். மூன்றாவது அணியின் அரங்கேற்றம் முடிந்தபோது நடுவிரலும் மடங்க ஆரம்பித்திருந்தது. ஒரு நாள் எல்லோரும் போன பிறகு என்னைக் கூப்பிட்டார். "இன்னொரு விரலு மடங்குச்சுன்னா கும்மி கொட்ட முடியாதுங்க. முட்டியாலதான் கொட்டோணும். முட்டிக்கு நான் என்ன கதை சொல்றது?" என்றார். அவர் வாயிலிருந்து "முடியாது" என்ற சொல் வந்து அன்றுதான் கேட்டேன்.

கோயமுத்தூரில் ஒரு நரம்பு டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போனேன். வலிப்புக்கு மாத்திரை எழுதித்தந்த பழைய டாக்டர் ஓய்வு பெற்றுவிட்டார், இவர் புதியவர், இளைஞர். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டு, மாத்திரைச் சீட்டையும் பார்த்துவிட்டு, "அம்மா, கையை மேஜை மேல தட்டையா வைங்க பாக்கலாம்" என்றார்.

வைத்தார். கைக்கும் மேஜைக்கும் நடுவில் ஒரு எலி ஓடலாம்.

"மேஜை கோணலா இருக்குதுங்க தம்பி" என்றார் வாத்தியாரம்மா.

டாக்டர் சிரிக்கவில்லை. "எப்பயிருந்து இப்படி?"

"பொறந்ததுலயிருந்துங்க."

இதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை. மற்ற பொய்யெல்லாம் போகட்டும், காலத்தில் பொய் சொன்னால் நான் எப்படிச் சும்மா இருப்பது? என் போனில் அரங்கேற்றப் படங்கள் வரிசையாக இருந்தன. முதல் படம், மாசி மாதம், கை தட்டை. இரண்டாவது படம், சுண்டுவிரல் லேசாகச் சாய்ந்திருக்கிறது. மூன்றாவது படம், இரண்டு விரலும் மடங்கி, கை தோளோடு நிற்கிறது. ஒவ்வொன்றாக நகர்த்திக் காட்டினேன்.

டாக்டர் படத்தைப் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். முகம் மாறியது.

"இவங்க எல்லாருமே அந்த மாத்திரை சாப்பிடுறாங்களா?" என்றார்.

வாத்தியாரம்மா தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார். டாக்டருக்கு விளக்கிச் சொல்ல எனக்குச் சில நிமிஷம் பிடித்தது. அவருக்கு வள்ளிக்கும்மி தெரியவில்லை, ஊர் தஞ்சாவூர்ப் பக்கமாம்.

பிறகு அவர் எங்களுக்கு விளக்கினார். தோலையும் தசையையும் எலும்பையும் ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டுகிற திசு உடம்பு முழுக்க உண்டு. பிறகு சேர்த்துக் கொடுத்த அந்த இரண்டாவது மாத்திரை, பினோபார்பிட்டோன், சிலருக்கு அந்தத் திசுவைத் தடிக்கவும் சுருங்கவும் வைத்துவிடும். உள்ளங்கையில் கயிறு, உறைந்த தோள், உள்ளங்காலில் கட்டி, மூன்றும் தனித்தனி நோயில்லை, அந்த ஒரே மாத்திரையின் வேலைதான். ஈறு வளர்ந்தது முதல் மாத்திரையின் கைங்கரியம்.

"அப்ப நிறுத்திப்போடலாமுங்களா?"

"திடீர்னு நிறுத்தவே கூடாது. வலிப்பு கடுமையா வரும். கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சு, பதிலுக்கு வேற மாத்திரை ஏத்தணும். மாத்துற காலத்துல ஒண்ணு ரெண்டு தடவை வரலாம். தோள் பெரும்பாலும் சரியாயிடும். விரல் மேல மடங்காம நிக்கும், மடங்கினது நிமிருமான்னு என்னால உறுதி சொல்ல முடியாது. மாத்தணுமா வேண்டாமான்னு நீங்கதான் சொல்லணும்."

திரும்பி வரும் பஸ்ஸில் வாத்தியாரம்மா துடியலூர் தாண்டியதும் பேசினார்.

"கை போனா வாத்தியாரு வேலை போயிருமுங்க. மாத்தரைய மாத்தி, எங்காச்சும் நாலு பேரு முன்னாடி வந்துச்சுன்னா?"

"வந்தா என்னங்க? நோய்தானே?"

"உங்களுக்கு நோயி. மத்தவிய என்ன சொல்லுவாங்க? பாதிப்பேரு ஃபிட்ஸுன்னு சொல்லி, பொம்பளப் புள்ளைகள அனுப்ப மாட்டாங்க. மீதிப் பாதி, கோயில்ல ஆடறப்ப வந்துச்சுன்னு வைங்க, சாமி வந்துருச்சும்பாங்க. கால்ல உழுந்து குறி கேப்பாங்க. எம் பையனுக்கு எப்ப பொண்ணு கெடைக்கும்னு கேப்பாங்க. நான் எங்க போயிச் சொல்றது? இப்ப ஆரு பையனுக்குத்தான் பொண்ணு கெடைக்குது?" மூச்சு விட்டார். "நோயாளின்னும் பேரு வேண்டாம், சாமின்னும் பேரு வேண்டாமுங்க. வாத்தியாருன்னு ஒரு பேரு இருக்குது. அது போதும்."

அப்படியென்றால் மாற்ற மாட்டார் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் காலையில் கணவரை அனுப்பிப் புது மாத்திரை வாங்கிவரச் சொன்னார். வலிப்பு வருவதற்கு முன்னால் தனக்கு வெங்காயம் கருகுகிற வாசம் அடிக்கும் என்று என்னிடம் மட்டும் சொல்லிவைத்தார். "வெங்காயம்னு சொன்னா நீங்க என் பக்கத்துல வந்துருங்க. மத்தவியளுக்கு நான் என்னமோ சமையலப் பத்திப் பேசறேன்னு இருக்கட்டும்."

ஆடி, ஆவணி, புரட்டாசி என்று பழைய மாத்திரை குறைந்தது, புதியது ஏறியது. ஒரு தடவைகூட வெங்காயம் வரவில்லை. மார்கழி மத்தியில் பட்டறைச் சுவரில் அவருடைய விரல்கள் அதுவரை எட்டாத இடத்தை எட்டின. அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். அடுத்த வாரம் கோட்டைத் தாண்டினார். "பாத்தீங்களா, சொவரு இறங்கிப்போச்சு" என்றார்.

பங்குனியில் நான்காவது அணியின் அரங்கேற்றம். பக்கத்து ஊர் மாரியம்மன் கோயில் மைதானம். சீரியல் லைட்டு கிடையாது என்று முன்கூட்டியே பேசி முடித்தாயிற்று. பழைய அணிக்காரர்களும் சேர்ந்து, பச்சைச் சேலை கட்டிய பெண்கள் பிறை வடிவத்தில் நின்றோம். ஜமாப் மேளம் ஒரு பக்கம், ஒலிபெருக்கிக்காரர் ஒரு பக்கம். வாத்தியாரம்மா காதில் மாட்டும் மைக்கோடு நடுவில். அவர் பாடுகிற ஒவ்வொரு அடியையும் மேளத்தின் பக்கத்திலிருந்து பின்பாட்டுக்காரர் திருப்பிப் பாடுவார்.

வள்ளி தினைப்புனம் காக்கப் போகிற இடம். நான் இரண்டாம் வரிசையில், அவருக்கு நேர் பின்னால். பாட்டின் நடுவில் அவர் குரல் ஒரு கணம் தட்டியது. தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"வெங்காயம்" என்றார், மைக்கில்.

மைதானம் முழுக்கக் கேட்டது. பின்பாட்டுக்காரர் பழக்க தோஷத்தில், ராகத்தோடு, "வெங்காயம்" என்று திருப்பிப் பாடினார்.

நான் அவரிடம் போய்ச் சேர்வதற்குள் அவர் சேலையை முழங்காலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் மைக்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு அவரை என் மடியில் ஒருக்களித்துச் சாய்த்தேன். வலது கை வெட்ட ஆரம்பித்தது. அவ்வளவு பெரிய கூட்டம், எல்லாக் கண்ணும் நடுவில். முடிந்தது, பஸ்ஸில் அவர் பயந்தது நடந்துவிட்டது என்று நினைத்தேன்.

அப்போது எனக்குப் பக்கத்தில் "தொப்" என்று ஒரு சத்தம். நிமிர்ந்து பார்த்தால் கவிதா உட்கார்ந்திருந்தாள். சேலையை முழங்காலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அப்படியே. அவளைப் பார்த்து அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள் உட்கார்ந்தாள். முன்வரிசை உட்கார்ந்தது. இரண்டாம் வரிசை, மூன்றாம் வரிசை. காற்றில் நெல் சாய்கிற மாதிரி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மொத்த அணியும் தரையில் உட்கார்ந்து, அவரைப் போலவே ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மேளக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, அடியைத் தணித்தார்கள். பின்பாட்டுக்காரர், கெட்டிக்காரர், அடுத்த அடியைத் தானே எடுத்துக்கொண்டார்.

பச்சைச் சேலைகளுக்கு நடுவில் வாத்தியாரம்மாவை எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

ஒலிபெருக்கிக்காரருக்கு வாய் சும்மா இருக்குமா? "பாருங்க, பாருங்க! வள்ளி தினைப்புனத்துல களைச்சு உக்கார்ற காட்சி! இதுவரைக்கும் எந்த ஊர்லயும் காட்டாத காட்சி!" என்று முழங்கினார். விசில் பறந்தது. தூக்கிப் பிடித்த போன்கள் மின்னின.

கவிதா வாத்தியாரம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் வலது கையைத் தூக்கி, வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பித்தாள். அவள் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினேன். "அய்யோ, ஏனுங்கக்கா?" என்றாள். நிறுத்திக்கொண்டாள்.

பாட்டு இரண்டு சுற்று போயிருக்கும். கை அடங்கியது. வாத்தியாரம்மா கண்ணைத் திறந்து, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் விழித்தார். சுற்றிலும் எல்லோரும் தரையில் சாய்ந்து கிடப்பதைப் பார்த்ததும் இன்னும் குழம்பினார்.

"எல்லாருத்துக்கும் வந்துருச்சா?" என்றார் மெதுவாக.

"உங்களப் பாத்துத்தான் உக்காந்திருக்காங்க" என்றேன்.

எழுந்து உட்கார்ந்து சேலையை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு என் தோளைப் பிடித்து எழுந்தார். அணி எழுந்தது. மேளம் ஏறியது. கூட்டத்திலிருந்து "இன்னொருக்கா! இன்னொருக்கா!" என்று சத்தம். அவர் கடைசிவரை நின்றபடியே கொட்டினார். பாட்டைப் பின்பாட்டுக்காரரே பாடி வள்ளிக்குக் கல்யாணம் செய்து வைத்தார்.

காரில் வீடு திரும்பும்போது கணவர் சொன்னார்: "பழைய மாத்தரைக்கே போயிரலாமா?"

காரின் கூரையை ஒட்டி ஒரு கைப்பிடி இருக்குமே, வாத்தியாரம்மா வலது கையைத் தூக்கி அதைப் பிடித்துக்கொண்டார். ஒரு வருஷம் முன்னால் அவர் கை அங்கே எட்டாது. வீடு வரும்வரை அந்தக் கையை எடுக்கவில்லை. கணவரும் மறுபடி கேட்கவில்லை. அந்த வாரமே நரம்பு டாக்டர் புது மாத்திரையின் அளவைக் கூட்டினார். அதன் பிறகு, எனக்குத் தெரிந்தவரை, வலிப்பு வரவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை பயிற்சிக்கு அவர் கொஞ்சம் தாமதமாக வெளியே வந்தார். களத்தில் அணி முழுக்க உட்கார்ந்து எழுந்து, உட்கார்ந்து எழுந்து பழகிக்கொண்டிருந்தது. ராஜாமணி அக்கா, டீக்கடை வைத்திருப்பவர், எங்களில் மூத்தவர், முன்னால் நின்று அதட்டிக்கொண்டிருந்தார்: "பொத்து பொத்துன்னு உழாதீங்கடி, இதென்ன சாக்கு மூட்டையா?"

"நிறுத்துங்க" என்றார் வாத்தியாரம்மா.

எல்லோரும் பாதி உட்கார்ந்த நிலையில் நின்றோம்.

"அது அடவு இல்லீங்க." தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டார். "எனக்கு ஃபிட்ஸு. சின்னதுலயிருந்து. அன்னைக்கு வந்தது அதுதான். வெரலு மடங்கினதும் அதுக்குத் திங்கற மாத்தரையாலதான். வள்ளியுமில்ல, தெய்வானையுமில்ல. உங்களையெல்லாம் ஏமாத்திப்போட்டேன். போறவிய போலாம். நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

நான் எல்லோர் முகத்தையும் பார்த்தேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் அம்மாக்கள் இரண்டு பேர் ஓரத்தில் நின்றிருந்தார்கள். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ராஜாமணி அக்காதான் வாயைத் திறந்தார். "போறது இருக்கட்டுமுங்க வாத்தியாரம்மா. எங்க ஊட்டுக்காரரு அந்த வீடியோவ அத்தனை குரூப்புலயும் போட்டுப்போட்டாரு. அடுத்த மாசம் அன்னூருல கூப்புட்டிருக்காங்க, உக்கார்றதுக்குன்னே. இப்பப் போயி இது அடவு இல்லைன்னா நம்ம மானம் என்னங்க ஆகறது?"

"ராஜாமணி, நான் என்ன சொல்றேன், நீ என்ன பேசற?"

"கேட்டுச்சுங்க. ஃபிட்ஸுன்னீங்க. எங்க நங்கையாளுக்கு, அதான் எங்கண்ணன் பொண்டாட்டிக்குக்கூட இருக்குது, அவ தெனமும் ஸ்கூட்டியில போயி என் உசுர வாங்கறா. நான் கேக்கறது வேற. பாட்டுல எந்த எடத்துல உக்கார்றதுன்னு சொல்லிப்போடுங்க."

"அது எப்ப வரும்னு எனக்கே தெரியாதே அம்மணி."

ராஜாமணி அக்கா கொஞ்சம் யோசித்தார். "அப்பச் சரி. நீங்க உக்காந்தா நாங்க உக்கார்றோம். நின்னா நிக்கறோம். இத்தனை நாளும் அப்படித்தான பண்ணிட்டு இருக்கறோம்?"

ஓரத்தில் நின்ற அம்மாக்களில் ஒருத்தி தன் மகளை முதுகில் தட்டி வரிசைக்குள் தள்ளினாள். மற்றவள் கொஞ்சம் தயங்கிவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அவள் திரும்ப வரவில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

வாத்தியாரம்மா முகத்தைப் பட்டறைப் பக்கம் திருப்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினார். திரும்பியபோது மறுபடியும் வாத்தியாராகியிருந்தார்.

"உக்கார்றதுன்னா அதுக்கொரு மொறை இருக்குதுங்க" என்றார். "மொதல்ல வலது காலு. சேலை முழங்காலோட வரோணும். பக்கத்துல இருக்கறவ மடி காலியா இருக்கோணும், தலை வந்து விழுந்தாத் தாங்கறதுக்கு. எங்க, எல்லாரும் ஒருக்கா."

உட்கார்ந்தோம். வரிசை வரிசையாக, ஒவ்வொருத்தியும் ஒருத்தி மடியில் சாய்ந்தோம். அவர் நடுவில் நடந்து ஒவ்வொரு வரிசையாகத் திருத்திக்கொண்டு வந்தார். முன்வரிசைக்கு வந்ததும் நின்றார். கவிதாவின் வலது கை மெல்ல மேலே எழும்பி வெட்ட ஆரம்பித்திருந்தது.

குனிந்து அந்தக் கையைப் பிடித்து அவள் மடியில் வைத்தார்.

"கையாட்டறது மட்டும் வேண்டாங்கண்ணு" என்றார். "அது என்னோடது."